உடும்புகளின் முதல் வாரம்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் பேச்சு முடிகிற இடத்தில் ஒரு கேள்வி போடுவார்கள். "அப்புறம், அங்கே என்ன விசேஷம்?" இத்தனை வருடங்களாக நான் "மழை" என்றோ "வெயில்" என்றோ சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். மலாய் நாட்டில், இந்தக் கெடா மாநிலத்தில் எனக்கு அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை. இந்தப் பங்குனியில் நடந்தது. எனக்கு ஒரு பேஸ்பால் அணி கிடைத்தது.

சிரிக்க வேண்டாம். அடிப்பதற்கு, எறிவதற்கு, ஓடிப் பிடிப்பதற்கு, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு என்று தனித்தனியாக ஆட்கள் உண்டு. ஒருவனுக்கும் உடம்பு கிடையாது. எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, கால்வலி இருக்கிறது, சிலருக்கு முன்கோபம்கூட இருக்கிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம், அன்றைய ஆட்டத்துக்கு யார் யார் இறங்குவது, யார் எறிவது என்று காலை எட்டு மணிக்குள் குறித்துவைப்பதுதான். எட்டு அடித்ததும் கம்ப்யூட்டர் இரண்டு அணிகளையும் தனக்குள்ளேயே மோதவிட்டு முடிவைச் சொல்லிவிடும். ஆட்டத்தை யாரும் ஆடுவதில்லை. யாரும் பார்ப்பதுமில்லை. அது எங்கேயோ நடந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் மகள் வினோதினி. அமெரிக்காவில், ஏரியெல்லாம் கல்லாக உறைந்துபோகிற ஒரு ஊரில், இஞ்சினியராக இருக்கிறாள். படிக்கப் போனவள், அங்கேயே வேலை கிடைத்து இருந்துவிட்டாள். நான் தினமும் போன் செய்வேன். ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள்.

"அப்பா, டெய்லி சாப்டியா, குளிருதான்னு ரெண்டே கேள்விதான் கேக்குறீங்க. நானும் ரெண்டே பதில்தான் சொல்றேன். போரிங் லா." (பேச்சின் கடைசியில் இங்கே எல்லாரும் போடுகிற 'லா' அவளை விட்டு இன்னும் போகவில்லை.)

"வேற என்னம்மா கேக்குறது?"

"வெயிட். உங்களுக்கு ஒரு வேலை குடுக்குறேன்."

அவள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற விளையாட்டு அது. ஆளுக்கு ஓர் அணி. ஒருவர் வேலையை விட்டுப் போனதில் ஓர் அணி அனாதையாகக் கிடந்தது. அதை என் தலையில் கட்டிவிட்டாள். கிட்டிப்புள்ளுக்கு மேல் எதையும் ஒழுங்காக ஆடியிராத அறந்தாங்கிக்காரன் ஒருவன் அமெரிக்க ஆட்டத்துக்கு முதலாளி ஆனது இப்படித்தான்.

2

என்னைப் பற்றி இரண்டு வரி. அலோர் ஸ்டாரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுத வந்தவன் நான். கல்யாணமாகி, சுங்கைப்பட்டாணிக்கு வந்து, இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், குத்துவிளக்கு, பால்குடம், மஞ்சள் துணி. மனைவி புஷ்பா பக்கத்தில் சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் கையுறை ஆலையில் பல காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது என்னோடு கடையில் உட்கார்ந்து என்னையும் வாடிக்கையாளர்களையும் ஒருசேர மேய்க்கிறாள்.

அந்த வாரத்தில் பேஸ்பாலைவிடப் பெரிய விஷயம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வினோவின் கம்பெனிக்கு கூலிமில் ஓர் ஆலை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காடி எடுத்தால் அரை மணி நேரம். (கார் என்பதை இங்கே தமிழர்கள் காடி என்பார்கள். நானும் அப்படியே ஆகிவிட்டேன்.) அந்த ஆலையில் அவளுக்கு ஒரு நல்ல வேலை தர முன்வந்திருந்தார்கள். வேண்டாமென்றால், அமெரிக்காவிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்குக் கம்பெனி வக்கீல் விண்ணப்பம் போடுவார். இரண்டில் எது என்று அந்த வார முடிவுக்குள் அவள் சொல்லியாக வேண்டும். ஆட்டம் தொடங்குகிற அதே வாரம்.

"நீங்க ரெண்டு பேரும் அதப் பத்தி ஒண்ணும் கேக்கக் கூடாது. நானே யோசிச்சு நானே சொல்றேன். ப்ராமிஸ் பண்ணுங்க" என்றாள்.

சத்தியம் செய்தோம். அதனால் அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பேச பேஸ்பாலை விட்டால் வேறு நாதியில்லை. அவள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை, எவன் எந்த மூலையில் நிற்பது என்கிற பேச்சுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு திரிந்தேன்.

3

அணிக்குப் பெயர் வைப்பதிலேயே வீட்டில் ஒரு சண்டை. அமெரிக்க அணிகளுக்கெல்லாம் கரடி, கழுகு, புலி என்று பெயர். நான் சிங்கம் என்றேன்.

"கெடாவுல எங்கங்க சிங்கத்தப் பாத்தீங்க?" என்றாள் புஷ்பா. "இங்க இருக்கிறத வைங்க லா. பின்னாடி சாக்கடையில தெனம் ஒண்ணு போவுதே."

தாமான் என்று இங்கே சொல்கிற குடியிருப்பில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதில் விடிந்ததும் ஓர் உடும்பு, கைகட்டி நடக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி, அவசரமே இல்லாமல் போகும். ஆக எங்கள் அணி சுங்கை லாலாங் உடும்புகள் ஆனது. வினோ அதை ஆங்கிலத்தில் எழுதிப் போட, அமெரிக்கர்களுக்கு ஏக சந்தோஷம். உடும்பின் படம் கேட்டார்கள். புஷ்பா பின்கதவில் நின்று எடுத்து அனுப்பினாள்.

ஆட்டக்காரர்களின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. தோட்டத்தில் ஒருவரையும் பதிவில் இருக்கும் பெயரால் கூப்பிடுகிற வழக்கம் இல்லையாம். ஆளைப் பார்த்ததும் ஒரு பட்டம் வைத்துவிடுவார்கள், அதுவே சாகும்வரை நிற்கும். அதே முறைப்படி ஒரே சாயங்காலத்தில் அத்தனை பேருக்கும் பட்டம் சூட்டிவிட்டாள். உயரமாக இருந்தவன் நெட்டையன். வந்த பந்தையெல்லாம் கோட்டை விடுகிறவன் கோட்டை. வயதான ஒருவனுக்குப் பெரியப்பா.

எங்கள் அணியிலேயே நல்ல எறிகாரன் ஒருவன் உண்டு. இடது கைக்காரன். அவனுக்குப் பெயர் பீச்சாங்கை. முதல் ஆட்டத்துக்கு அவனைத்தான் போட வேண்டும் என்று கம்ப்யூட்டரே நட்சத்திரம் போட்டுக் காட்டியது. திங்கட்கிழமை காலை, அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் அவன் பெயரைத் தொடப் போனேன். புஷ்பா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"மொத மொதல்ல ஆரம்பிக்கிறது. பீச்சாங்கையாலயா?"

எனக்கும் சுருக்கென்றது. கடையில் முதல் வியாபாரத்துக்கு இடது கையால் காசு வாங்கமாட்டேன். புதுக்கணக்குப் போடுகிற நாளில் இடது கையால் எதையும் தொடமாட்டேன். ஒரு பருவத்தின் முதல் பந்தை இடது கையால் எறிய விடலாமா? பீச்சாங்கையை உட்காரவைத்து, வலது கைக்காரனாகப் பார்த்து ஒருவனை இறக்கினோம். சாமி படத்துக்கு முன்னால் போனைக் காட்டி ஒரு சூடமும் ஏற்றினாள் புஷ்பா.

மண்ணைக் கவ்வினோம். எதிரணி எங்களை அடித்த அடியில், கம்ப்யூட்டரே சங்கடப்பட்டதுபோல முடிவைச் சின்ன எழுத்தில் காட்டியது. ஐந்து நிமிடத்தில் வினோவின் அழைப்பு வந்தது.

"அப்பா! ஏன் அவன வெளிய வெச்சீங்க? லெஃப்டி கெடைக்கிறதே கஷ்டம். கோல்டு பா அவன்."

"அம்மாதான் பீச்சாங்கை வேணாம்னா."

வினோ சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "ஆபீஸ்ல சொல்லப் போறேன்... என்னால முடியல" என்று மூச்சு வாங்கினாள். தோற்றதற்கு இவ்வளவு பெரிய பரிசு எனக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

4

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் ஒரு வர்ணனை தரும். மொட்டை மொட்டையான வரிகள். இன்னார் அடித்தார், இடது பக்கம் பிடிபட்டார். இன்னார் ஓடினார், இரண்டாவது மூலையில் நின்றார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. மற்றவர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள் என்று வினோ சொன்னாள். நான் முதல் வரியிலிருந்து படிப்பேன்.

சின்ன வயதில் ரேடியோவில் தமிழ் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்களுக்கு இது புரியும். நாங்கள் யாரும் சேப்பாக்கம் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. டீக்கடை வாசலில் நின்றபடி, அந்தக் குரல் சொல்கிற புல்லையும் வெயிலையும் நாங்களே உண்டாக்கிக்கொள்வோம். என் தலைக்குள் இருந்த சேப்பாக்கத்தில் ஒரு மூலையில் எங்கள் ஊர்க் கண்மாய்கூட இருந்தது.

இப்போதும் அப்படித்தான். காலையில் கடை திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் ஆள் வருவதற்கு முன்னால் ஒரு மந்தமான நேரம் உண்டு. கண்ணாடிக்கு வெளியே ஜெராய் மலை மேகத்துக்குள் பாதி இருக்கும், பாதி இருக்காது. நான் வர்ணனையைத் திறப்பேன். ஆட்டம் அமெரிக்காவில் நடக்காது. சுங்கை லாலாங் தோட்டப் பள்ளிக்கூடத்துத் திடலில் நடக்கும். மூன்று பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நெட்டையன் பந்தை ஓங்கி அடிக்கிறான், அது பனைமட்டைகளுக்குள் போய் விழுகிறது. தேடப் போன கோட்டை நெடுநேரம் திரும்பி வருவதில்லை. பெரியப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். புகைமாதிரி பனி. சாலையில் பெடோங் போகிற பஸ் ஒன்று நின்று, இரண்டு பேர் இறங்கி, வேலியோரமாக நின்று பார்க்கிறார்கள். அதில் ஒருத்தி வினோ. தோளில் பை. கூலிம் ஆலையில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள்.

"அண்ணே, வெத்தல இருக்கா?" என்று யாராவது கேட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பீச்சாங்கையை இறக்கியும் தோற்றோம். புதன் அன்றும் தோல்வி. எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் அழைப்பு வந்தது. அவள் திட்டினாள், விளக்கினாள், படம் வரைந்து அனுப்பினாள். பத்து நாள் பேச்சை ஒரு நாளில் பேசினாள். பழைய தமிழ்ச் சொற்கள்கூட அவள் வாயில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு கட்டத்தில், "அவன் சுத்த சோம்பேறி பா, தூக்கிப் போடுங்க" என்றாள். சோம்பேறி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம்! அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

அந்தப் புதன்கிழமையே எனக்கு அலோர் ஸ்டாரில் ஒரு வேலை இருந்தது. என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. புஷ்பாவுக்கும் வினோவுக்கும் நீலம். நீலத்துக்கு நான் விண்ணப்பித்து ஒரு யுகம் ஆகிறது. அவ்வப்போது போய்க் கேட்டுவிட்டு வருவேன். இப்போதெல்லாம் அது ஒரு பிரார்த்தனை மாதிரி ஆகிவிட்டது.

முதன்முதலில் அந்த அலுவலகத்துக்குப் போன கதை இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. எனக்கு மலாய் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கடைச் சீனர். அவருடைய பாசார் மலாயில் 'நான்' என்றால் குவா, 'நீ' என்றால் லு. அதைத் தவிர வேறு சொல் இருப்பதே எனக்குத் தெரியாது. அதிகாரி பெரிய மனிதர், வெள்ளி முடி. அவரைப் பார்த்து நான் மிகுந்த பணிவோடு, கைகூப்பி, "லு" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாவட்ட கலெக்டரைப் பார்த்து "ஏண்டா" என்றால் எப்படி இருக்கும்? அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில் வேலை?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். வினோ வயது இருக்கும். "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, பக்சிக்" என்றாள். பக்சிக் என்றால் மாமா. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் வயல். அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்தது. ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். நான் இங்கே குடிமகனாக ஒரு காகிதத்துக்குக் காத்திருக்கிறேன். அங்கே என் மகளுக்காக ஒரு வக்கீல் காகிதத்தோடு காத்திருக்கிறார். அவருக்கு அந்த வேலையே வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனிதனின் பிழைப்பு கெடட்டும் என்று வேண்டுவது தப்புதான். ஆனாலும் வேண்டினேன்.

6

வியாழக்கிழமை பங்குனி உத்திரம்.

பூஜைச் சாமான் கடைக்காரனுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்குடம் கேட்டு ஒருவர், குடத்துக்குக் கட்ட மஞ்சள் துணி கேட்டு ஒருவர், எலுமிச்சை மாலைக்கு நூல் கேட்டு ஒருவர். அந்தச் சந்தடிக்கு நடுவே எட்டு மணி நெருங்குவது ஞாபகம் வந்து, போனை எடுத்து ஆட்களைக் குறிக்கத் தொடங்கினேன். புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"இன்னிக்கு ஆட்டத்துக்கு..."

"இன்னிக்கா?" அவள் முகம் மாறிவிட்டது. "திருவிழா அன்னிக்கு யாராச்சும் பெரட்டு எடுப்பாங்களா?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூட்டுவது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன ரப்பர் மர நிரைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவார்கள். வருடத்தில் எந்த மழைக்கும் நிற்காத பெரட்டு, கோயில் திருவிழா அன்று மட்டும் நிற்குமாம். அன்றைக்கு மரத்தில் கத்தி படாது. வெள்ளைக்காரன் காலத்தில்கூட அதை மீற முடியவில்லையாம்.

"இவங்கல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குறவங்க புஷ்பா."

"சுங்கை லாலாங்னு பேரு வெச்சிருக்கீங்கள்ல? அப்ப லீவு குடுங்க. பெரியப்பாவுக்குக் கால் வேற வலிக்குதுன்னு போட்டிருக்கு."

வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். வாதாட நேரமில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. எல்லார் பெயரையும் ஓய்வுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டேன். ஒருத்தர்கூட மிச்சமில்லை. பிறகு கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அன்று பிற்பகல், தலையில் குடங்களோடு வருகிற கூட்டத்துக்கு நடுவே, தொப்பி போட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பீச்சாங்கை மட்டும் வலது கையால் வாங்கினான்.

சாயங்காலம் போனைத் திறந்தால் ஒரே களேபரம். லீக்கின் பொதுப் பக்கத்தில், அதை நடத்துகிற டேல் என்கிற பெரியவர் கேட்டிருந்தார்: உடும்புகளுக்கு என்ன ஆயிற்று? ஓர் அணி முழுக்க எப்படி ஒரே நாளில் ஓய்வெடுக்கும்? ஆள் இறக்காததால் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோல்வி எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே வினோ பதில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில்தான். நான் அதைத் தமிழில் சொல்கிறேன்.

'இன்று எங்கள் சாமிக்குக் கல்யாணம். என் அம்மா பிறந்த தோட்டத்தில் இந்த நாளில் யாரையும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் அப்பாவின் ஆட்களும் வரவில்லை. நான் எட்டு வயதில் பால்குடம் எடுத்தேன். வெயில் தாங்காமல் வழியில் ஒரு மடக்கு குடித்துவிட்டேன். இன்றுவரை என் வீட்டுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும், ஏனென்றால் அப்பா இதைப் படிப்பார்.'

டேல் எழுதியிருந்தார்: 'லீவு நியாயமானது. தோல்வி நிற்கும். பால் எப்படி இருந்தது?'

புஷ்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அடிப்பாவி, சாமி பால குடிச்சியாடி!" என்று போனைப் பார்த்துத் திட்டிவிட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இவ்ளோ ஞாபகம் வெச்சிருக்காளேங்க. வந்துருவாள்ல?"

"வந்துருவா" என்றேன். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

வெள்ளியும் சனியும் இந்த மாநிலத்தில் வார விடுமுறை. நாங்கள் அவள் அறையை ஒழித்தோம். கடையிலிருந்து வழிந்து அங்கே போய் அடைந்திருந்த சாமான்களையெல்லாம் வெளியே எடுத்தேன். புஷ்பா ஜன்னலைக் கழுவினாள். கூலிமுக்கு இங்கிருந்தே போய்வர முடியுமா, காடி வாங்க வேண்டியிருக்குமா என்று பேசிக்கொண்டோம். இரண்டு நாளும் உடும்புகள் தோற்றார்கள். அதைக் கவனிக்கக்கூட எங்களுக்கு நேரமில்லை.

7

முதல் வாரத்தின் கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. எதிரணி வினோவுடையது. பட்டியலிலேயே முதலில் நின்ற அணி. ஞாயிறு இங்கே வேலை நாள். குளித்து, விபூதி இட்டு, கடைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பீச்சாங்கையைத்தான் இறக்கினேன். புஷ்பாவும் தடுக்கவில்லை.

எட்டு மணி ஆனது. முடிவு வந்தது. ஒன்பதுக்குப் பூஜ்யம். உடும்புகள் வெற்றி. எதிரணி ஆள் இறக்கவில்லை.

வினோ எதையும் மறக்கிற பெண் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நான் அழைப்பதற்குள் அவளே அழைத்தாள், முகம் தெரிய. பின்னால் பெரிய கூடம், ஒரே கூட்டம், நாதஸ்வரம். மஞ்சள் புடவை, அதற்கு மேலே குளிர்ச்சட்டை. நெற்றி நிறைய விபூதி.

"அப்பா, ஜெயிச்சிட்டீங்களா?" என்று கத்தினாள். "இங்க கோயில்ல இன்னிக்குத்தான் உத்திரம். எல்லாருக்கும் வேலை இருக்கும்ல, அதனால வீக்எண்டுக்குத் தள்ளிருவாங்க. இத்தன வருஷமா நான் வந்ததே இல்ல பா. அன்னிக்கு உங்க லீவப் பத்தி எழுதினேன்ல, அப்புறம் மனசு கேக்கல. நானும் என் டீமுக்கு லீவு குடுத்துட்டு வந்துட்டேன்."

"பால்குடம் எடுத்தியாம்மா?"

"எடுத்தேன்! ஹாலுக்குள்ளயே மூணு சுத்து. வெளிய ஸ்னோ. இந்தத் தடவ குடிக்கல." சிரித்தாள். "அன்னதானத்துக்குப் பாயசம் நான்தான் ஊத்துனேன். இங்க ஒரு ஆண்டி இருக்காங்க, அடுத்த வருஷம் பாயசம் மொத்தமும் என் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. டேலயும் கூட்டிட்டு வரேன்னு சொல்லிருக்கேன்."

அவள் முகம் அவ்வளவு நிறைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது எனக்கு என் அக்கா சிவகாமி ஞாபகம் வந்தாள்.

அலோர் ஸ்டாரில் இருந்த முதல் சில வருடங்களில், ஒவ்வொரு பங்குனிக்கும் அக்காவிடம் "அடுத்த உத்திரத்துக்கு ஊருக்கு வந்திருவேன்" என்று சொல்வேன். வேலை முடிந்து முழுசாகத் திரும்பிவிடுவேன் என்று அர்த்தம். அவளும் காத்திருந்தாள். ஒரு வருடம் இங்கே கோயிலில் மோர்ப் பந்தலை என்னிடம் ஒப்படைத்தார்கள். வெளியூர்க்காரனை நம்பிக் கொடுத்தார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு போன் செய்து, எத்தனை அண்டா, எத்தனை பேர் குடித்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்ப சரிடா. நல்லா இரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் எப்போது வருவாய் என்று கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசித்ததில்லை. திருவிழாவை எந்த ஊரில் தலையில் ஏற்றிக்கொள்கிறோமோ அந்த ஊரில்தான் இருக்கப் போகிறோம் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"அப்பா," என்றாள் வினோ. குரல் தணிந்திருந்தது. கூட்டத்தை விட்டு ஒரு கதவோரம் வந்து நின்றாள். "அந்தக் கூலிம் விஷயம்... நான் இன்னும் டிசைட் பண்ணல பா. நாளைக்கு..."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கே அது இன்னும் தெரியாது.

"பண்ணிட்டம்மா," என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருச்சு. நல்லாருக்கு. வக்கீலப் பேப்பர் போடச் சொல்லு."

அவள் கண் நிறைந்தது. "அப்பா, நான்..." என்றாள். யாரோ பின்னாலிருந்து அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாயச வாளி காத்திருந்தது.

"போம்மா, ஆளுங்க நிக்கிறாங்க" என்று நானே வைத்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து புஷ்பாவின் குரல் வந்தது.

"என்னங்க, இன்னிக்காச்சும் ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சிட்டோம்."

"வினோ டீமையா!" ஈரக்கையோடு ஓடி வந்தாள். வாயெல்லாம் பல். "எப்புடிங்க?"

"அவ ஆளுங்க யாரும் வரல. லீவாம். அங்க கோயில்ல இன்னிக்கு உத்திரம். பால்குடம் எடுத்தா. அடுத்த வருஷம் பாயசம் முழுக்க இவ பொறுப்பாம்."

"அங்கயேவா?"

"அங்கயே."

அவள் சிரித்த முகம் சிரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, அந்த முடிவைத் தானே ஒருமுறை படித்தாள்.

"அப்ப இது நாம ஜெயிச்ச கணக்காங்க?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.